சாப்பாடு ஏன் நெஞ்சில் நிற்கிறது? உணவுக்குழாய்ச் சுருக்கத்தின் அறிகுறிகளும் காரணங்களும்

உணவுக்குழாய் என்பது தொண்டையின் அடியில் தொடங்கி, மூச்சுக்குழாய்க்குப் பின்னால் நெஞ்சின் நடுவே இறங்கி, உதரவிதானத்தில் உள்ள துளை வழியாக இரைப்பையில் போய்ச் சேரும் தசைக்குழாய். வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். எதையும் விழுங்காத நேரத்தில் அது சப்பையாக ஒட்டிக் கிடக்கும். ஒரு கவளம் வரும்போது 2 சென்டிமீட்டருக்கு மேலும் விரிந்து கொடுக்கும். கவளத்துக்கு மேலே உள்ள தசை இறுக, கீழே உள்ள தசை தளர, சாப்பாடு சில நொடிகளில் இரைப்பைக்கு இறங்கிவிடும். குழாயின் ஒரு பகுதி இப்படி விரியும் தன்மையை இழந்து உள்வழி குறுகிப்போவதுதான் உணவுக்குழாய்ச் சுருக்கம்.

இயல்பாகவே இந்தக் குழாய் மூன்று இடங்களில் கொஞ்சம் இடுக்கமானது: குழாய் தொடங்கும் இடம், நெஞ்சுக்குள் மகாதமனியும் இடது மூச்சுக்கிளையும் அதை ஒட்டிச் செல்லும் இடம், உதரவிதானத்தைக் கடக்கும் இடம். ஆரோக்கியமாக இருப்பவருக்கு இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் குழந்தை விழுங்கிய நாணயம் சிக்குவதும், தண்ணீர் இல்லாமல் போட்ட மாத்திரை ஒட்டிக்கொள்வதும், ஆசிட் கொஞ்ச நேரம் தேங்கிச் சுடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

உட்சவ்வில் வரும் மேலோட்டமான புண் தடயமில்லாமல் ஆறிவிடும். புண் ஆழமாகவோ, ஆறுவதற்குள் திரும்பத் திரும்ப வந்தோ அடி அடுக்குகளுக்கு இறங்கும்போதுதான் சிக்கல். அந்த இடத்தை உடல் நார்த்திசுவால் நிரப்புகிறது. தீக்காயம் ஆறிய கையில் தோல் இழுத்துப் பிடித்து விரல்கள் மடங்கிப்போவது போலவே, குழாய்க்குள் வளையமாக ஆறிய தழும்பும் நாளாக நாளாகச் சுருங்கி வழியை நெருக்குகிறது. சுருக்கங்களில் பெரும்பான்மை இந்த வகை. கட்டி வளர்ந்து அடைப்பதும், வெளியிலிருந்து வேறோர் உறுப்பு அழுத்துவதும் தனி வகைகள்.

முதல் அறிகுறி, பலருக்கு ஒரே அறிகுறியும்கூட, விழுங்கிய சாப்பாடு இறங்காமல் நிற்பது. மருத்துவரிடம் வருபவர்கள் இதைப் பலவிதமாகச் சொல்வார்கள்: நெஞ்சுல நிக்குது, இறங்க மாட்டேங்குது, அடைக்குது, தண்ணி குடிச்சாத்தான் போகுது. தொடக்கத்தில் கெட்டியான உணவுகளில் மட்டும்தான் இது தெரியும். ஆட்டுக்கறி, கோழிக்கறித் துண்டு, பரோட்டா, சப்பாத்தி, காய்ந்த ரொட்டி ஆகியவைதான் முதலில் மக்கர் பண்ணும். வழி இன்னும் குறுகினால் இட்லியும் குழைந்த சோறும் நிற்கத் தொடங்கும். பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். ரிச்சர்ட் ஷாட்ஸ்கி என்ற கதிரியக்க மருத்துவர் 1950களில் உணவுக்குழாயின் கீழ்முனையில் உருவாகும் மெல்லிய வளையங்களை அளந்து பார்த்தார். உள்வழி 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனவர்களுக்குத் தொல்லை ஏறக்குறைய நிச்சயம் என்றும், 20க்கு மேல் இருந்தவர்களுக்கு அநேகமாக இல்லை என்றும் கண்டார். இன்றும் மருத்துவர்கள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு அதுதான்.

இந்த நோயில் கவலைப்பட வைப்பது, மனிதர்கள் அதற்கு எவ்வளவு சுலபமாகப் பழகிவிடுகிறார்கள் என்பதே. சாப்பிடும்போது கவனித்தால் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர். நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து தோளைப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஒரு வெறும் விழுங்கல். சோற்றில் ரசம் கூடுகிறது, கறித்துண்டு தட்டின் ஓரத்துக்குப் போகிறது. எல்லோரும் பதினைந்து நிமிடத்தில் கை கழுவிவிட, இவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் கேட்டால் ‘அவர் எப்பவுமே மெதுவாத்தான் சாப்பிடுவார்’ என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதைத் தவிர்ப்பார். காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். பல நேரம் அவருக்கே அது தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் ‘விழுங்கக் கஷ்டமா இருக்கா?’ என்று மட்டும் கேட்டு விட்டுவிடுவதில்லை. கடைசியாக எப்போது கறி சாப்பிட்டீர்கள், சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது, தண்ணீர் இல்லாமல் ஒரு சப்பாத்தி சாப்பிட முடியுமா என்று கேட்பார்கள். நோயாளியே கவனிக்காத மாற்றம் அந்தப் பதில்களில் வெளிவந்துவிடும்.

எங்கே நிற்கிறது என்று நோயாளி விரல் வைத்துக் காட்டும் இடத்தை முழுதாக நம்ப முடியாது. நெஞ்சின் கீழ்ப்பகுதியைக் காட்டினால் அடைப்பு அங்கேதான் இருக்கும். ஆனால் தொண்டைக்குழியைக் காட்டுபவருக்கு அடைப்பு தொண்டையிலும் இருக்கலாம், இரைப்பைக்கு நெருக்கத்திலும் இருக்கலாம். தொண்டையை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவருக்கு உணவு நிற்பது தொடர்ந்தால், உணவுக்குழாயைக் கடைசிவரை பார்த்தே ஆக வேண்டும்.

மற்ற அறிகுறிகள் சுருக்கம் முற்றும்போது சேர்ந்துகொள்கின்றன. விழுங்கியது செரிக்காமல் அப்படியே வாய்க்குத் திரும்பும். படுத்தால் தேங்கியது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய் இரவில் இருமல் வரும். அடிக்கடி சளிக்காய்ச்சல், நிமோனியா என்று வந்துகொண்டே இருப்பவருக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். விழுங்கும்போது வலித்தால் உள்ளே ஆறாத புண் இருக்கிறது என்று பொருள். எடை குறையும். குழந்தைகளால் சொல்லத் தெரியாது. கெட்டி உணவைத் துப்புவது, பாலை மட்டும் கேட்பது, சாப்பிடும்போது இருமுவது, எடை ஏறாமல் நிற்பது ஆகியவைதான் அவர்களிடம் தெரியும் அடையாளங்கள்.

ஓர் அறிகுறி மட்டும் ஏமாற்றும். பல வருடம் நெஞ்செரிச்சலால் அவதிப்பட்டவருக்குத் திடீரென்று எரிச்சல் குறைந்துவிடும். மருந்து கேட்டுவிட்டது என்று அவர் நிம்மதி அடைவார். உண்மையில் குறுகிய வழி, அமிலம் மேலே வருவதையும் சேர்த்துத் தடுக்கத் தொடங்கியிருக்கலாம். எரிச்சல் போய் அடைப்பு வந்தால் அது முன்னேற்றம் அல்ல.

விழுங்குவதில் வரும் எல்லாச் சிரமமும் சுருக்கம் ஆகாது. திட உணவும் தண்ணீரும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக நின்றால், குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசைவளையம் தளராமல் இறுகிக்கொள்ளும் அகலேசியா அப்படிப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், இந்நோய் கொண்ட ஒருவருக்குத் திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சு கட்டிக் கொடுத்தார். அந்த மனிதர் அதைக் கொண்டு உணவைத் தாமே உள்ளே தள்ளிப் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கத் தொடங்கும்போதே புரையேறுவதும், மூக்கு வழியாகத் தண்ணீர் வருவதும் தொண்டைத் தசைகளின் பிரச்சினை. சாப்பிடாத நேரத்தில் தொண்டையில் உருண்டை இருப்பது போலத் தோன்றி, சாப்பிடும்போது மறைந்துவிட்டால் அதற்கும் சுருக்கத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

காரணங்களில் முதலிடம் இரைப்பை அமிலத்துக்கு. உணவுக்குழாயின் கீழ்முனைத் தசைவளையம் சரியாக மூடாதபோது அமிலம் மேலேறுகிறது. அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. உணவுக்குழாயின் உட்சவ்வுக்கு அது கிடையாது. எதுக்களிப்பும் புளித்த ஏப்பமும் வருடக்கணக்கில் தொடர்ந்தால் கீழ்ப்பகுதியில் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, தழும்பு ஏறும். உடல் பருமன், இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத் துளை வழியாக நெஞ்சுக்குள் ஏறும் ஹையாட்டஸ் ஹெர்னியா, புகைபிடித்தல், வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே படுப்பது எல்லாம் இதைக் கூட்டும். தோல் தடித்து இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோயில் உணவுக்குழாயின் தசையே செயலிழப்பதால், மேலேறிய அமிலம் இறங்காமல் தேங்கிக் கடுமையான சுருக்கம் உண்டாகும். 1980களின் இறுதியில் ஒமிப்ரசோல் வந்த பிறகு அமிலத்தால் வரும் சுருக்கங்கள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் எரியும்போது மட்டும் மாத்திரை போட்டு, அடங்கியதும் விட்டுவிடுகிறவர்களுக்கு உள்ளே புண் முழுதாக ஆறுவதில்லை.

அடுத்த காரணம் முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது. அதனாலேயே விரிவாகச் சொல்ல வேண்டியது. அரிக்கும் திரவங்களைக் குடிப்பதுதான் அது. இந்தியாவில் பெரும்பாலும் கழிப்பறை கழுவும் ஆசிட். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். காஸ்டிக் சோடா போன்ற காரப்பொருள்களும் உண்டு. அமிலம் பட்ட இடத்தில் திசு உறைந்து கருகும். அந்தக் கருகல் ஓரளவுக்கு மேல் ஆழம் போகாமல் தடுக்கப் பார்க்கும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளிறங்கும். மணமோ உடனடி எரிச்சலோ அதிகமில்லாததால் குழந்தை துப்புவதற்குள் விழுங்கியிருக்கும். ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றிச் சமையலறை மூலையில் வைப்பது பல வீடுகளில் வழக்கம். தாகத்தோடு ஓடிவரும் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தப் பாட்டில் தண்ணீர் பாட்டில்தான்.

குடித்த முதல் சில நாட்களில் வீக்கமும் வலியும் இருக்கும். பிறகு கொஞ்சம் தேறி, குழந்தை சாப்பிடக்கூடத் தொடங்கும். ஆபத்து தாண்டிவிட்டது என்று பெற்றோர் நினைக்கிற அந்தச் சமயத்தில்தான் உள்ளே தழும்பு உருவாகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து தழும்பு இறுகி, இரண்டு மூன்று மாதங்களுக்குள் சுருக்கம் வெளிப்படும். ஆசிட் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது சுட்ட திரவம் ஏறும்போதும் சுடும். அமிலத்துக்கு மாற்றாகச் சோடாமாவு, காரத்துக்கு மாற்றாக எலுமிச்சைச் சாறு என்று வீட்டு வைத்தியமும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு நாட்களுக்குள் எண்டோஸ்கோபி செய்து புண்ணின் ஆழத்தைத் தரம் பிரிப்பார்கள். உலகெங்கும் இதற்குப் பயன்படும் வகைப்பாடு, சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஜர்கரும் சக மருத்துவர்களும் 1991இல் வெளியிட்டது. மேலோட்டமான காயம் தானாக ஆறிவிடும்; ஆழமாகவும் வளையமாகவும் சுட்டிருந்தால் பெரும்பாலோருக்குச் சுருக்கம் வரும். மனம் உடைந்துபோய்க் குடித்தவர்களுக்குக் குழாய்க்கான சிகிச்சையோடு மனநல மருத்துவரின் துணையும் அப்போதே கிடைக்க வேண்டும். குழாய் மட்டும் சரியானால் போதாது.

அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே அவலம் காஸ்டிக் சோடாவால் நடந்தது. சோப்பு காய்ச்சவும் கழுவவும் வீட்டில் வைத்திருந்த காரத்தைக் குழந்தைகள் சர்க்கரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். பிலடெல்பியாவில் பணியாற்றிய செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர், விளக்குப் பொருத்திய குழாய்க்கருவிகளை உருவாக்கி அந்தக் குழந்தைகளின் உணவுக்குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். தண்ணீர்கூட இறங்காமல் வந்த ஏழு வயதுச் சிறுமியின் அடைப்பை எடுத்துவிட்டபோது, முதல் மிடறு திரும்பி வரும் என்று பயந்தபடியே குடித்து, அது இறங்கியதும் அவள் ஜாக்சனின் கையைப் பிடித்து முத்தமிட்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிகிச்சையோடு அவர் நிற்கவில்லை. அரிக்கும் பொருள்களின் மேல் ‘விஷம்’ என்று அச்சிட வேண்டும் என ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1927இல் அது அமெரிக்காவில் சட்டமானது. லேபிள் இல்லாத பாட்டிலில் சில்லறையாக ஊற்றித் தரும் ஆசிட்டுக்கு எந்தச் சட்டமும் காவல் நிற்க முடியாது. அதை வாங்குகிறவர்தான் காவல்.

பொத்தான் பேட்டரியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பொம்மை, ரிமோட், கடிகாரம் என எல்லாவற்றிலும் இப்போது இருக்கும் வட்ட பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து சுற்றிலும் காரம் உருவாகி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கும். நாணயம் விழுங்கினால் மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருப்பது போல இதற்குக் காத்திருக்கக் கூடாது.

மாத்திரைகளும் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின், இரும்புச்சத்து மாத்திரை, பொட்டாசியம் குளோரைடு, ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள், எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட் ஆகியவை குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்தால் அந்த இடத்தையே சுட்டுவிடும். தூக்கக் கலக்கத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே படுக்கிறவர்களுக்குத்தான் இது அதிகம். ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருந்தால் போதும்.

1990களின் தொடக்கத்தில்தான் தனி நோயாக அடையாளம் காணப்பட்டது இயோசினோஃபிலிக் உணவுக்குழாய் அழற்சி. ஆஸ்துமா, தோல் அரிப்பு, அடுக்குத்தும்மல் என்று ஒவ்வாமைத் தொல்லை உள்ளவர்களுக்கு, குறிப்பாக இளவயது ஆண்களுக்கு, பால், கோதுமை, முட்டை போன்ற உணவுகளுக்கு எதிராக உணவுக்குழாயே அழற்சி காட்டுகிறது. காலப்போக்கில் குழாய் முழுக்க வளையம் வளையமாக இறுகும். நன்றாக இருந்த இளைஞனுக்குக் கறித்துண்டு அடைத்து அவசரப் பிரிவுக்கு ஓடுவதே பலருக்கு முதல் அறிகுறி. கண்ணுக்குக் குழாய் சாதாரணமாகத் தெரிந்தாலும் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிடிபடும்.

இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் விழுங்குவதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பிளம்மர் வின்சன் நோயில் நீண்டகால ரத்தசோகையோடு உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய சவ்வு குறுக்கே வளர்கிறது. பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு. நாக்கு வழவழப்பாகி எரியும், வாய் ஓரம் வெடிக்கும், நகம் குழிந்துபோகும். ‘சோறே இறங்கல, அதான் உடம்புல ரத்தம் இல்ல’ என்று வீட்டார் நினைப்பார்கள். பெரும்பாலும் ரத்தக் குறைவே முதலில் வந்தது. இரும்புச்சத்து ஏறினாலே பலருக்கு விழுங்குவது தேறும். இருந்தாலும் அந்தப் பகுதியில் புற்று வரும் அபாயம் இவர்களுக்கு அதிகம் என்பதால் கண்காணிப்பு வேண்டும்.

சிகிச்சையே காரணமாவதும் உண்டு. மார்பு, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு மாதங்கள் கழித்துச் சுருக்கம் வரலாம். மூக்கு வழியாகப் போட்ட உணவுக்குழல் நீண்ட நாள் இருந்தாலும், குழாயை வெட்டித் தைத்த அறுவைக்குப் பிறகும் வரலாம். உணவுக்குழாய் முழுமையாக உருவாகாமல் பிறந்து, அறுவை சிகிச்சையால் இணைக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தையல் போட்ட இடத்தில் சுருக்கம் அடிக்கடி வரும். அவர்களின் பெற்றோர் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முதலில் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியது புற்றுநோய். அமிலத் தழும்பு மாதங்களாக, வருடங்களாக மெல்ல இறுகும். புற்று சில வாரங்கள், மாதங்களிலேயே கறியிலிருந்து கஞ்சிக்குக் கொண்டுவந்துவிடும், எடையும் மளமளவென இறங்கும். உணவுக்குழாய் விரிந்து கொடுப்பதால் வழியின் பெரும்பகுதி அடைபடும் வரை எதுவும் தெரியாமல் போவது இதன் கொடுமை. புகையிலை, மது, வெற்றிலையோடு மெல்லும் பாக்கு ஆகியவை ஒரு வகைக்குக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல், 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களையும் புற்றுக்கு அநேகமாகக் காரணமாகலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. நீண்டகால அமிலத்தால் கீழ்ப்பகுதிச் சவ்வே மாறிப்போகும் பேரட் உணவுக்குழாய் இன்னொரு வகைக்கு முன்னோடி. ஆசிட் குடித்துப் பிழைத்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் அபாயம் தொடர்கிறது.

வெளியிலிருந்து அழுத்துவது அரிது: நுரையீரல் கட்டி, காசநோயால் வீங்கிய நிணநீர்க் கணுக்கள், பெரிதான தைராய்டு, வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியதன் விளைவாக வீங்கிய இடது மேலறை.

கண்டுபிடிப்பது கடினமல்ல. பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே, சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்று காட்டும். எண்டோஸ்கோபி நேரில் பார்த்துத் திசுவையும் எடுத்துக்கொடுக்கும். திசுப் பரிசோதனை இல்லாமல் ‘சாதாரணச் சுருக்கம்’ என்ற முடிவுக்கு வரக் கூடாது. தழும்புச் சுருக்கத்தைப் பலூன் கொண்டோ, படிப்படியாகப் பருமன் கூடும் குழல்களைக் கொண்டோ விரிப்பார்கள். கிழிந்துவிடும் அபாயம் இருப்பதால் ஒரே நாளில் முழுதாக விரிக்காமல் சில வார இடைவெளியில் பல முறை செய்வார்கள். அமிலத்தால் வந்ததென்றால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தொடர வேண்டும். இல்லாவிட்டால் விரித்தது மறுபடி மூடும். ஆசிட் சுருக்கங்கள்தான் பிடிவாதமானவை. சிலருக்கு இரைப்பையையோ பெருங்குடலையோ மேலே இழுத்துப் புதுவழி அமைக்க வேண்டிவரும்.

சுருக்கம் உள்ளவருக்குச் சாப்பாடு திடீரென முழுதாக அடைத்துக்கொள்ளலாம். அப்போது மீன்முள்ளுக்குச் செய்வது போலச் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கித் தள்ளப் பார்க்காதீர்கள். அடைப்பு பெரிதாகும், குழாய் கிழியவும் கூடும். எச்சிலையே விழுங்க முடியாமல் வழிய விட்டுக்கொண்டிருந்தால் அது முழு அடைப்பு. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடைத்தது தானாக இறங்கிவிட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.